அதிகம் ஓடிய ஹைப்ரிட் கார் வாங்கப் போகிறீர்களா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு ஹைப்ரிட் வண்டிகள், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற கார்கள், விற்பனைக்கு வருகின்றன என்று வையுங்கள். ஒன்று தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போய்வந்து மீட்டரில் 1,10,000 கி.மீ காட்டுகிற ஹைப்ரிட். இன்னொன்று வளைகுடாவில் இருப்பவருடையது, அவர் லீவுக்கு வரும்போது மட்டும் வெளியே எடுத்து மீதி மாதமெல்லாம் ஷெட்டில் கவர் போட்டு மூடிவைத்த 25,000 கி.மீ வண்டி. நம் ஊரில் பத்தில் ஒன்பது பேர் இரண்டாவது வண்டிக்குத்தான் ஓடுவார்கள், புரோக்கரும் அதற்குத்தான் கூட விலை சொல்வார். சர்வீஸ் கணக்கு ஒழுங்காக இருக்கிறதென்றால் நான் முதலில் போய்ப் பார்ப்பது அந்த 1,10,000 கி.மீ வண்டியை. காரணம் எளிது. ஓடிக்கொண்டே இருக்கும் ஹைப்ரிட்டில் பேட்டரியை முழுசாக நிறைக்கவும் விடாமல் முழுசாகக் காலியாகவும் விடாமல் கம்ப்யூட்டர் நடுவிலேயே வைத்துக் காப்பாற்றும். மாதக்கணக்கில் நின்றால் அந்தக் காவல் இல்லை. பெரிய பேட்டரி தானாகச் சார்ஜ் இழக்கும், சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துப்போகும், கடல் காற்றில் பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், போதாததற்கு எலி வேறு.

சரி, வாங்கலாமா வேண்டாமா என்பதைக் காரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் தினமும் ஓட்டுகிற ரோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஹைப்ரிட் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது இரண்டு இடத்தில். பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் வீணாய்ப் போகிற சக்தியை மோட்டார் பிடித்து பேட்டரியில் போடுகிறது. ஊர்ந்து ஊர்ந்து போகும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சின் அணைந்துவிடுகிறது, அந்த நேரத்திலும் ஏசி ஓடும், ஏனென்றால் கம்ப்ரசர் கரண்டில் ஓடுவது. ஆகவே பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று ஊருக்கு ஊர் நின்று நின்று போகிற பழைய ரோடு ஹைப்ரிட்டுக்காகவே போட்டது போல. கருங்கல், அருமனை, குலசேகரம் பக்கத்து ஏற்ற இறக்கங்களும் அதற்கு ஒத்துவரும். ஆனால் நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி, வள்ளியூர் வழியாகத் திருநெல்வேலிக்கு நான்கு வழிச்சாலையில் தொண்ணூறு, நூறில் ஒரே சீராகப் போகிறவருக்கு லாபம் நன்றாகக் குறையும். முப்பந்தலில் காற்று எதிர்த்து அடிக்கும் ஆடி மாதத்தில் எந்த வண்டியானாலும் மைலேஜ் விழும் என்பது வேறு கதை. அந்த ரோட்டுக்கு நல்ல டீசல் வண்டியோ சின்ன பெட்ரோல் காரோ போதும். திருவனந்தபுரத்து ஐடி வளாகமான டெக்னோபார்க் போகிறவர்களும் கவனிக்கவேண்டும்: காரோட்டிலிருந்து கழக்கூட்டம் வரை பைபாஸில் போகிறீர்களா, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாக ஊருக்குள் போகிறீர்களா என்பதைப் பொறுத்து ஒரே வண்டியின் மைலேஜ் மாறும்.

இப்போது கணக்கு. மார்த்தாண்டத்திலிருந்து கழக்கூட்டம் போய்வர நூறு கி.மீ சொச்சம். கணக்குக்கு 100 என்றே வைப்போம், மாதம் 24 நாள், ஆக 2,400 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் ஓட்டுவது லிட்டருக்கு 13 கொடுக்கிற பெட்ரோல் எஸ்யூவி என்றால் மாதம் கிட்டத்தட்ட 18,800 ரூபாய். ஹைப்ரிட் நிஜ ரோட்டில் 22 கொடுத்தால் 11,100. மிச்சம் மாதம் 7,700. இது பெரிய பணம்தான். ஆனால் உங்களிடம் இருப்பது 18 கொடுக்கிற சின்னக் கார் என்றால் இப்போதே செலவு 13,600தான், மிச்சம் வெறும் 2,500. அந்த 2,500-க்காக பல லட்சம் கடன் வாங்கி ஹைப்ரிட் எடுப்பதில் அர்த்தமே இல்லை. வசதிக்காக எடுக்கிறேன் என்றால் எடுங்கள், பெட்ரோலை மிச்சம் பிடிக்க என்று வீட்டில் கணக்குச் சொல்லாதீர்கள். நாகர்கோவிலுக்குள்ளேயே கோட்டாறிலிருந்து வடசேரிக்கு வேலைக்குப் போகிறவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

கணக்கு ஒத்துவருகிறது என்றால் இன்னொரு வகுத்தல் போடுங்கள். அதே அளவுள்ள, அதே வயதுள்ள சாதாரண பெட்ரோல் காரை விட ஹைப்ரிட்டுக்கு எவ்வளவு கூடக் கேட்கிறார்கள்? இரண்டரை லட்சம் என்றால், மாதம் 7,700 மிச்சத்தில் அதை எடுக்க 32 மாதம் ஆகும். பழைய காருக்கான கடன் வட்டி புதுக் காரை விடக் கூடுதலாகத்தான் இருக்கும், அதையும் சேர்த்தால் மூன்று வருஷம் தாண்டிவிடும். நான்கைந்து வருஷம் அந்த வேலையில், அந்த ரோட்டில் இருப்பேன் என்று உறுதி இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

எந்த வண்டி?

இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. மாருதியின் சியாஸ், எர்டிகா, எக்ஸ்எல்6, பிரெஸ்ஸா இவற்றின் பின்னால் ஹைப்ரிட் என்று ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள். இவை மைல்டு ஹைப்ரிட். எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், சிக்னலில் அணைத்து எழுப்பும், அவ்வளவுதான். மோட்டாரில் மட்டும் ஒரு அடி கூட நகராது. நல்ல கார்கள்தான், ஆனால் நாம் போட்ட 22 கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. நமக்கு வேண்டியது ஸ்ட்ராங் ஹைப்ரிட். நம் பக்கத்தில் பழைய சந்தைக்கு வருபவை: 2022-ல் வந்த டொயோட்டா அர்பன் குரூஸர் ஹைரைடர், அதன் கூடப் பிறந்த மாருதி கிராண்ட் விட்டாரா, அதே வருஷம் வந்த ஹோண்டா சிட்டி ஈ:ஹெச்ஈவி, அப்புறம் இன்னோவா ஹைகிராஸ், அதன் மாருதி வடிவமான இன்விக்டோ.

ஹைரைடரிலும் கிராண்ட் விட்டாராவிலும் ஆபத்து என்னவென்றால் ஒரே உருவத்தில் மைல்டும் உண்டு, ஸ்ட்ராங்கும் உண்டு. ஹைரைடரில் நியோ டிரைவ் என்றால் மைல்டு. கிராண்ட் விட்டாராவில் ஜீட்டா பிளஸ், ஆல்ஃபா பிளஸ் என்று பிளஸ் போட்டவை ஸ்ட்ராங். ஆர்சியில் பெட்ரோல்/ஹைப்ரிட் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள், மைல்டுக்கும் அப்படித்தான் போடுகிறார்கள். கையால் கியர் போடுகிற வண்டியா, அது ஸ்ட்ராங் இல்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் எஞ்சின் சத்தமே இல்லாமல் ரெடி என்று பச்சை விளக்கு எரிந்து, பிரேக்கிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தால் சத்தமில்லாமல் நகர்கிறதா, அதுதான் ஸ்ட்ராங்.

கம்பெனி சொல்லும் மைலேஜ் ஹைரைடருக்கும் கிராண்ட் விட்டாராவுக்கும் 27.97, வந்த புதிதில் சிட்டிக்கு 26.5, ஹைகிராஸுக்கு 23.24. இவற்றில் நாலைந்தைக் கழித்துக்கொள்ளுங்கள், ஹைகிராஸுக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கழிக்கலாம், அது பெரிய வண்டி, ஒரே ஆள் வேலைக்குப் போக அதை எடுப்பது வீண். சிட்டியிலும் ஹைரைடரிலும் பேட்டரி டிக்கியில் இடத்தைத் தின்னும், விமான நிலையத்துக்கு ஆளைக் கூட்டிவரப் போகும் வீட்டார் அதை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. 2013 வாக்கில் வந்த கேம்ரி ஹைப்ரிட், அதற்கும் முந்திய பிரியஸ் இவை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பேட்டரி வாரண்டி முடிந்திருக்கும், பார்ட்ஸ் விலை அந்தஸ்துக்குத் தகுந்தபடி இருக்கும். தினசரி வேலைக்கு வேண்டாம்.

வண்டியைப் பார்க்கப் போகும் முன்

பெட்ரோல் போட்டுக்கொண்டு நேரே கிளம்பிவிடாதீர்கள். விற்பவரிடம் பதிவெண்ணை வாங்கி, அரசின் எம்பரிவாகன் ஆப்பில் ஆர்சி விவரம் பாருங்கள்: எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் நிலுவை இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை. இ-சலான் தளத்தில் அபராதம் ஏதும் கிடக்கிறதா பாருங்கள். கேரளாவில் 2023 ஜூனிலிருந்து ஏஐ கேமரா அபராதம் போட்டுக்கொண்டிருக்கிறது, தினமும் எல்லை தாண்டிய வண்டியின் பெயரில் ஒரு கொத்து சலான் இருந்தாலும் ஆச்சரியமில்லை. முன்பு மஞ்சள் போர்டில் ஓடி வெள்ளைக்கு மாற்றிய வண்டியா என்பதையும் கேளுங்கள், முக்கியமாக ஹைகிராஸில்.

அதை விட முக்கியம் சர்வீஸ் கணக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸும் தேதியோடும் கிலோமீட்டரோடும் கம்ப்யூட்டரில் இருக்கும். விற்பவரையே கூட்டிக்கொண்டு போய் அல்லது அவரை விட்டு வாங்கச் சொல்லி அந்தப் பிரிண்ட் அவுட்டைப் பாருங்கள். கிலோமீட்டர் ஒழுங்காக ஏறிவருகிறதா, நடுவில் ஒரு வருஷம் காணாமல் போயிருக்கிறதா, ஒருதடவை 92,000 என்றிருந்தது அடுத்த தடவை 70,000 ஆகியிருக்கிறதா. அதிகம் ஓடிய வண்டியில் உங்களுக்குக் கிடைக்கிற பெரிய வசதியே இதுதான், ஓடிய வண்டிக்கு நிறைய பதிவுகள் இருக்கும், பொய் சொல்வது கஷ்டம். ஒற்றை ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி என்று சொல்வதற்கெல்லாம் ஒரு மதிப்பும் இல்லை. புரோக்கர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நம் மாவட்டத்தில் டாக்டர்கள் ஆளுக்குப் பத்துக் கார் வைத்திருக்கவேண்டும்.

வாரண்டியையும் அங்கேயே சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றுமே இந்த வண்டிகளின் ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ, எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி கொடுக்கிறார்கள். இன்னும் நாலைந்து வருஷம் வாரண்டி இருக்கு அண்ணே என்று புரோக்கர் சொல்வார். வருஷத்தை விடுங்கள், கிலோமீட்டரைப் பாருங்கள். 1,20,000 ஓடிய வண்டியில் மிச்சம் 40,000. நீங்கள் மாதம் 2,400 ஓட்டினால் அது 17 மாதம் கூட வராது. ஆகவே அதற்குமேல் பேட்டரி உங்கள் பொறுப்பு என்று வைத்துத்தான் விலை பேசவேண்டும். அந்த மாடலுக்குப் புது ஹைப்ரிட் பேட்டரி, மாற்றும் கூலி உட்பட எவ்வளவு என்று பார்ட்ஸ் கவுன்டரில் எழுதி வாங்கிவையுங்கள். பேரம் பேசும்போது அந்தத் தாள் உதவும்.

நேரில் பார்க்கும்போது

காலையில் போங்கள், நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணவேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் ரெடி வரவேண்டும், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருதடவை எரிந்து அணையவேண்டும். ரெடி வரவில்லை என்றால் பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் 12 வோல்ட் சின்ன பேட்டரிதான் காலி, அதற்கு ஆவது ஆயிரங்கள்தான், லட்சங்கள் இல்லை. ஆனால் விலையைக் குறைக்க நல்ல சந்தர்ப்பம்.

பார்க்கில் போட்டு ஏசியை முழு வேகத்தில் வைத்து இருபது நிமிஷம் சும்மா உட்காருங்கள். பேட்டரி அளவு மெதுவாக இறங்கும், ஒரு கட்டத்தில் எஞ்சின் தானாக எழுந்து சார்ஜ் ஏற்றி அணையும், மறுபடி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் நிதானமாக இருந்தால் நல்லது. ஒரு நிமிஷத்தில் மளமளவென்று இறங்கி, எஞ்சின் வந்ததும் மளமளவென்று நிறைந்து, மறுபடி இறங்குகிறது என்றால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இந்த இருபது நிமிஷத்தைத்தான் விற்பவர்கள் விரும்பமாட்டார்கள். டீ குடிக்கலாம் வாங்க என்று கூப்பிடுவார்கள். வண்டிக்குள்ளேயே கொண்டுவரச் சொல்லிக் குடியுங்கள்.

அந்த நேரத்தில் சீட்டுகளின் அடிப்பக்கம் காதைக் கொடுங்கள். ஹைப்ரிட் பேட்டரியைக் குளிர்விக்க உள்ளே இருக்கும் ஏசிக் காற்றையே ஒரு சின்ன ஃபேன் இழுக்கும். அந்தக் காற்றுத் துவாரம் சீட்டை ஒட்டியோ அடியிலோ இருக்கும், இடம் மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் படம் இருக்கும். கடையில் போட்ட சீட் கவர் அந்தத் துவாரத்தை மூடிக்கொண்டிருக்கிறதா, தூசியும் முடியும் நாய் ரோமமும் அடைத்திருக்கிறதா பாருங்கள். பேட்டரி சீக்கிரம் கெடுவதற்குச் சூடு முக்கியமான காரணம், துவாரம் அடைத்த வண்டி எத்தனை வருஷம் அப்படியே ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஃபேன் இரைந்துகொண்டே இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பானெட்டுக்குள் கூலன்ட் பாட்டில் இரண்டு இருக்கும், ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் இன்வெர்ட்டருக்கு. இன்வெர்ட்டர் பாட்டிலை நிறைய ஒர்க்‌ஷாப்பில் கவனிப்பதே இல்லை. அதில் அளவு குறைந்தோ கலங்கியோ இருந்தால் கேள்வி கேளுங்கள். ஆரஞ்சு நிறத்தில் தடியாகப் போகும் கேபிள்கள் ஹை வோல்டேஜ்; கையால் தொடவேண்டாம், டார்ச் அடித்து எலிப் பல் பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவில் நிற்கிற வண்டிகளில் இதைப் பார்க்காமல் வரக்கூடாது.

கடலோரத்து வண்டி என்றால், அதாவது குளச்சல், முட்டம், மணக்குடி, ராஜாக்கமங்கலம் துறை பக்கம் வாசலில் நின்ற வண்டி என்றால், லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஹைப்ரிட்டில் பிரேக்கின் பெரும்பகுதி வேலையை மோட்டாரே செய்துவிடும், பிரேக் பேட் நீண்ட நாள் வரும், இதை விற்பவரும் பெருமையாகச் சொல்வார். அதற்கு இன்னொரு பக்கம் உண்டு: பேட் அதிகம் உரசாததால் டிஸ்க்கில் ஏறும் உப்புத் துரு தேய்ந்துபோகாமல் அங்கேயே தங்கும், பேடை அழுத்தும் காலிப்பர் இறுகும். காலியான ரோட்டில் முப்பது கி.மீ வேகத்தில் நியூட்ரலில் போட்டு பிரேக் பிடியுங்கள். நியூட்ரலில் மோட்டார் பிரேக் வேலை செய்யாது, பிடிப்பது முழுக்க பேடும் டிஸ்க்கும்தான். கரகரவென்று சத்தமோ ஒரு பக்கம் இழுப்போ அப்போது தெரிந்துவிடும். அடியில் போல்ட் தலைகள், சஸ்பென்ஷன் கைகள், சைலன்சர் இணைப்புகள் செதில் செதிலாக உரிந்திருந்தால் விட்டுவிடுங்கள். புதிதாகக் கறுப்பு கோட்டிங் அடித்துப் பளபளவென்று இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இன்னும் மோசம். 2023 டிசம்பரில் முதலில் சென்னையும், இரண்டு வாரத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடியும் மூழ்கின. நாம் பேசுகிற மாடல்கள் எல்லாம் அப்போது ரோட்டில் இருந்தவை. இன்சூரன்ஸ் கம்பெனி கழித்துக்கட்டிய வண்டிகள் சுத்தம் பண்ணி வேறு மாவட்டத்துக்குப் போவது புதிதல்ல. சாதாரணக் காரில் வெள்ளம் ஏறினால் சீட்டும் வயரும் போகும். ஹைப்ரிட்டில் பேட்டரி தரையோடு தரையாக, டிக்கியிலோ சீட்டடியிலோ உட்கார்ந்திருக்கிறது. ஸ்டெப்னி குழியில் சேறு, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடியில் கறை, சீட்டுக் கம்பியில் துரு, ஏசி போட்டதும் ஒரு மக்கல் வாடை, இதில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பழைய இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

அப்புறம் ஓட்டிப் பார்ப்பது. விற்பவர் வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. மார்த்தாண்டம் பக்கம் என்றால் மேம்பாலத்தில் போகாமல் கீழே கடைவீதி நெரிசல் வழியாகக் கொஞ்சம், ஏற்ற இறக்கமுள்ள ஊர் ரோட்டில் கொஞ்சம், அப்புறம் வேகமாகப் போகிற ரோட்டில் கொஞ்சம். கிளம்பும்போது டிரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். இருபத்தைந்து கி.மீ ஓட்டினால் ஸ்கிரீன் ஒரு மைலேஜ் சொல்லும், அதில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டால் நிஜத்துக்குப் பக்கம் வரும். எஞ்சின் எழும்போதும் அணையும்போதும் ஒரு குலுக்கல் இருக்கலாம், ஹைரைடரும் விட்டாராவும் மூன்று சிலிண்டர், அதில் லேசாகத் தெரியும். டொக்கென்று அடிக்கக்கூடாது. ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சின் இரைவதும் வேகம் பின்னாலேயே வருவதும் அந்த கியர் அமைப்பின் இயல்பு, பயப்படவேண்டாம்.

கடைசியாக ஸ்கேன். இதைத் தவிர்க்கவே கூடாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் காசு கட்டி ஹைப்ரிட் சிஸ்டம் முழுவதும் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். பேட்டரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்டேஜும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கவேண்டும், ஒன்று மட்டும் தனியாக இறங்கி நின்றால் வியாதி ஆரம்பம். பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தால் பேட்டரி மாற்றச் சொல்கிறது என்று பொருள். எந்தக் கோடும் இல்லை என்றாலும் உடனே சந்தோஷப்படாதீர்கள், நேற்று ராத்திரி யாராவது அழித்திருக்கலாம். அழித்தால் வண்டியின் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டிக்கொடுக்கும். அதையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்து ஒர்க்‌ஷாப் அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஹை வோல்டேஜ் வேலையில் பயிற்சி இல்லையென்றால் சஸ்பென்ஷன், பெயின்ட், விபத்துத் தடயம் இவற்றுக்கு மட்டும் அவரைக் கூட்டிப்போங்கள்.

கேஎல் போர்டு வண்டி

திருவனந்தபுரத்தில் தேர்வு அதிகம், விலையும் சில நேரம் குறைவாகத் தெரியும். கேஎல் 01, பாறசாலையின் கேஎல் 19, நெய்யாற்றின்கரையின் கேஎல் 20 வண்டிகளைப் பார்த்து மனம் இளகும். ஆனால் நீங்கள் தமிழ்நாட்டில் குடியிருந்து வண்டியை இங்கே வைத்திருந்தால் 12 மாதத்துக்குள் டிஎன் 74 அல்லது டிஎன் 75-க்கு மாற்றியாகவேண்டும். அதற்கு அங்குள்ள ஆர்டிஓவிடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று (என்ஓசி), இங்கே புதிதாக ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு வரி 18 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்குத் தகுந்தபடி குறையும், ஆனாலும் லட்சத்தைத் தாண்டும். அங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்குரியது திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான், அந்தப் பணம் யாருக்கு என்பதை விலை பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள், வரும் நாளை மட்டும் எதிர்பார்த்து உட்காராதீர்கள். இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் உள்ளூர் டிஎன் வண்டியே லாபம்.

உள்ளூர் வண்டி என்றால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, கடன் முடிந்திருந்தால் படிவம் 35-ம் வங்கியின் என்ஓசியும். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வெறும் கையெழுத்துப் போட்ட படிவங்களோடு வீட்டுக்கு வரும் பழக்கம் நம் ஊரில் அதிகம். ஆர்சி உங்கள் பெயருக்கு மாறும்வரை ஒரு தொகையை நிறுத்திவையுங்கள், நல்ல விற்பனையாளர் மறுக்கமாட்டார்.

விலையில் கடைசியாக ஒன்று. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியபிறகு புதுக் கார்களின் விலை குறைந்தது. விற்பவர் தான் வாங்கிய காலத்து விலையை மனதில் வைத்துப் பேசுவார். நீங்கள் இன்றைய புது விலையை ஷோரூமில் எழுதி வாங்கிக்கொண்டு அதிலிருந்து கீழே இறங்குங்கள். மிஞ்சிய வாரண்டி கிலோமீட்டர், டயர் தேதி, 12 வோல்ட் பேட்டரி, ஸ்கேன் அறிக்கை என்று ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தால் சத்தம் போடாமலே விலை இறங்கும். 1,00,000-க்கு மேல் ஓடிய வண்டிக்கு வாங்குவதற்கு ஆள் குறைவு, அந்த பலம் உங்கள் பக்கம்தான்.

வாங்கியதும் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், இரண்டு கூலன்ட்டும் பழைய பதிவில் எப்போது மாற்றியது என்று பார்த்து, சந்தேகமாக இருந்தால் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயில் மேனுவலில் சொன்ன மெல்லிய ரகம்தான் போடவேண்டும், கெட்டி ஆயில் போட்டால் எஞ்சின் நீண்டநாள் வரும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், மைலேஜ்தான் போகும். பேட்டரி ஃபேன் ஃபில்டரைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள். வீடு கடலோரம் என்றால் வாரம் ஒருதடவை அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், கழுவியபின் கொஞ்ச தூரம் ஓட்டி நியூட்ரலில் நாலைந்து தடவை பிரேக் பிடித்து டிஸ்க்கை உலர்த்துங்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்பவருடைய நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவருடையது, பிரீமியம் கூடும், அதையும் பட்ஜெட்டில் சேருங்கள். மழைக்காலத்தை நினைத்து எஞ்சின் பாதுகாப்புக் கவர் எடுக்கும்போது ஹைப்ரிட் பேட்டரியும் மோட்டாரும் அதில் அடங்குமா என்று பாலிசியைப் படித்துக் கேளுங்கள்.

பழைய ஃபாஸ்டாக்கை விற்பவர் மூடியபின் புதிது வாங்குங்கள். பைபாஸில் போகிறவர்களுக்கு வழியில் திருவல்லம் டோல் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15-ல் தனியார் கார்களுக்கு 200 தடவை கடக்கும் வருடாந்தர பாஸ் வந்தது, அப்போது விலை 3,000 ரூபாய். போக ஒன்று வர ஒன்று என்று மாதம் 48 தடவை கடந்தால் அந்த 200 நான்கு மாதத்தில் தீரும், அதாவது மாதம் 700 ரூபாய்க்கு மேல். முதலில் போட்ட 7,700 மிச்சத்திலிருந்து இதைக் கழித்துக்கொள்ளுங்கள், அல்லது பாலராமபுரம் வழியாகவே போங்கள், ஹைப்ரிட்டுக்கு அந்த நெரிசல் பழக்கம்தான்.